பதின்மூன்று டப்பாக்கள்

ஜெலுத்தோங்,
20 மார்ச் 2025

நவோமி,

உன் தெலுக் இந்தான் முகவரியை உன் அம்மாவிடம் வாங்கினேன். டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். அப்பா உள்ளே இருக்கிறார் என்று கண்ணாலேயே காட்டிவிட்டு, மின்சார பில்லின் உறையில் எழுதிக் கொடுத்தார். வாட்ஸாப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை. சரி, கடிதத்தைத் தடுக்க வழியில்லை, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

நம் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் டாக்டர் ரோஹானாவிடம் போய்ச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஆனால் விசாரணை நடந்தபோது என்னை அறைக்குள் விடவில்லை. நான் என்ன பார்த்தேன் என்று என் வாயால் நீ கேட்டதே இல்லை. அது உனக்குத் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழக்கிழமை. உனக்குக் காய்ச்சல் என்றாய். வாரா வாரம் வியாழனன்று தண்ணீர் மாற்றி முட்டை எண்ண, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏ, பி பிளாக்குகள் எனக்கு, சி பிளாக் உனக்கு. அன்றைக்கு மூன்றையும் நானே ஏறினேன். நான்காம் மாடியில் உன் முதல் கறுப்பு டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். கொசு முட்டையிட நாம் சாய்த்து வைக்கும் பலகைத் துண்டு பாதி ஊறிப்போயிருந்தது. தண்ணீர் பழுப்பு. உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மேலே, கூட்டுப்புழு உரித்துப்போட்ட தோல்கள் மிதந்தன. கண்ணாடி மாதிரி, காலியாக.

முட்டை கொசுவாகிப் பறக்க எட்டு ஒன்பது நாளாவது வேண்டும். முந்தின வியாழன் மாற்றிய தண்ணீரில் புழு இருக்கலாம், காலித் தோல் இருக்காது. பதின்மூன்று டப்பாக்களில் பதினொன்றில் தோல் இருந்தது. ஆக, பிப்ரவரி 13 அன்று யாரும் அங்கே போகவில்லை. ஆனால் நம் அட்டவணையில் 13ஆம் தேதிக்கு நேராகப் பதின்மூன்று எண்கள், உன் கையெழுத்தில்.

அழகான எண்கள். ஒரு சுழியம்கூட இல்லை. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் பன்னிரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்துக் குறை எண்ணியவள் நான். உண்மையான எண்ணிக்கை அவ்வளவு ஒழுங்காக வராது, நவோமி.

அன்று மதியமே டாக்டர் ரோஹானாவின் அறைக்குப் போனேன். உனக்கு ஒரு செமஸ்டர் தடை. எனக்கு ஆராய்ச்சியைத் தனியாக முடிக்க அனுமதி. சி பிளாக்கின் முதல் ஆறு வாரக் குறிப்புகள் உன் நோட்டில் இருக்கின்றன. அதை அனுப்பு.

அந்த 13ஆம் தேதி வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்பதையும் எழுது.

லோகேஸ்வரி

*

தெலுக் இந்தான்,
27 மார்ச் 2025

லோகேஸ்வரி அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேத்யூ அண்ணன் வீட்டில் குப்பைத்தொட்டி சமையலறையில்தான் இருக்கிறது. அண்ணி துண்டுகளை ஒட்டவைத்துப் படித்துவிடுவார்.

எவ்வளவு நன்றாக எழுதுகிறீர்கள்! பழுப்புத் தண்ணீர், கண்ணாடித் தோல். ஆய்வறிக்கையில் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு கணக்குதான். உங்கள் பிளாட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மோட்டாரில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சிக்னலில் நிறுத்தி எனக்குப் போன் போட்டிருக்கலாம். "நவோமி, என்னா ஆச்சு?" மூன்று சொல். இரண்டரை வருடம் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். உங்களுக்குப் புள்ளியியல் வராது என்று ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் நூலகத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யார்? கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த கேக்கைப் பையில் போட்டுக்கொண்டு போனது யார்? அந்த மூன்று சொல்லுக்கு எனக்குத் தகுதி இல்லையா?

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் எதையும் மறுக்கவில்லை, அழவும் இல்லை. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

இங்கே ஒரு டியூஷன் சென்டரில் மூன்றாம் படிவத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். நன்றாகவே எடுக்கிறேன். திரும்பி வருவேனா என்று தெரியாது. நாலு மாடியும் ஒரு லிஃப்ட்டும், வகுப்புக்கு ஆறு பேரும் உள்ள பல்கலைக்கழகம் எனக்காகக் காத்திருக்காது. நீங்கள் அதன் பெயரைப் போகிற இடமெல்லாம் உரக்கச் சொல்வீர்கள். எனக்கு அது வராது. எங்கள் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "அது எங்கம்மா இருக்கு? யூனியா, டியூஷன் சென்டரா?" இப்போது உண்மையிலேயே டியூஷன் சென்டரில்தான் இருக்கிறேன். அவர்களுக்கு நிம்மதி.

நோட்டு வராது. லிஃப்ட் கெட்டுப்போன சி பிளாக்கில் ஆறு வாரம் ஏறி இறங்கியது என் கால்கள். அந்த எண்கள் உண்மையானவை, அவை என்னுடையவை.

அந்த வியாழக்கிழமை என்னுடைய விஷயம்.

நவோமி

*

ஜெலுத்தோங்,
1 ஏப்ரல் 2025

நவோமி,

நோட்டு உன்னிடமே இருக்கட்டும். இன்றைக்கு வேறு செய்தி. உட்கார்ந்து படி.

ஹபீபா பீவி அக்காவுக்கு டெங்கி. சி பிளாக் ஐந்தாம் மாடி, நாசி லெமாக் தேங்காய்ச்சோறு பொட்டலம் போட்டு விற்பவர். மற்றவர்கள் கதவைச் சாத்தியபோது, தன் சமையலறை சன்னலுக்கு வெளியே நம் டப்பாவை வைக்க இடம் கொடுத்தாரே, அவர்தான். மார்ச் 22இல் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. நோன்பு மாதக் களைப்பு என்று நினைத்துக் கிளினிக்குக்குப் போகவில்லை. 26ஆம் தேதி அடுப்புக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். மகள் ஃபரா ஹாஸ்பிட்டலில் சேர்த்தாள். பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது.

நேற்று நோன்புப் பெருநாள். போய்ப் பார்த்தேன். ஃபரா மூன்று நாளாக மாற்றாத உடையோடு வார்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கேட்டாள்:

"அக்கா, ஒங்க டப்பாவுலதான் கொசு வளந்துச்சுன்னு பிளாட்ல பேசிக்கிறாங்க. நெஜமா?"

"வளந்துச்சு, ஃபரா. ரெண்டு வாரம் யாரும் தண்ணி மாத்தல. பாத்த அன்னிக்கே எல்லாத்தயும் நான் கொட்டிட்டேன். ஆனா அதுக்குள்ள கொஞ்சம் பறந்துருச்சு."

"யாரும்னா யாரு?"

நான் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. டிசம்பரில் வீடு வீடாகப் போய், "பயப்படாம வைக்கலாம், வாரா வாரம் வந்து மாத்திருவோம்லா" என்று சொன்னது நான். இதே பிளாட்டில் பிறந்து வளர்ந்தவள் என்பதால்தான் நம்பினார்கள். டப்பா உன் பொறுப்பு, வாக்கு என்னுடையது. எந்தப் பெயரைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

ஃபரா திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாங்கிப்போன பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

உன்னைத் தண்டிக்க எழுதவில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேட்கக்கூடாது என்று எழுதுகிறேன். பிப்ரவரி மாதம் உன்னைக் கேட்காமல் வேறொருவரிடம் போனேன். இதையாவது நேராக உன்னிடம் சொல்லவேண்டும்.

லோகேஸ்வரி

*

தெலுக் இந்தான்,
5 ஏப்ரல் 2025

அக்கா,

எப்படி இருக்கிறார்? உடனே எழுதுங்கள். போன் செய்யுங்கள், தடையை எடுத்துவிட்டேன். இல்லை, வேண்டாம், எழுதவே செய்யுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். எழுதும்போதுதான் பொய் வருவது எனக்கே தெரிகிறது.

அந்த வியாழக்கிழமை நான் கோலாலம்பூரில் இருந்தேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அப்பாவோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சொல்லி, அப்பாவே விண்ணப்பம் போட்டிருந்தார். புதன்கிழமை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினோம். அப்பா தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற நாளில் உடுத்திய அதே சட்டையை உடுத்தியிருந்தார். உங்களிடம் எப்படிச் சொல்வது? பாதிகூட முடியாத ஆராய்ச்சியை உங்கள் தலையில் போட்டுவிட்டு ஓடப்போகிறேன் என்றா?

உள்ளே மூன்று பேர். "இப்போது என்ன ஆராய்ச்சி செய்கிறாய்?" என்று கேட்டார்கள். அக்கா, முப்பத்தொன்பது டப்பாக்களைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசினேன். எந்த மாடியில் முட்டை அதிகம், மழை பெய்த வாரத்தில் ஏன் குறைந்தது, கார் நிறுத்துமிடத்துப் பக்கம் ஏன் கூடுகிறது, எல்லாம். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. அவர்களில் ஒரு அம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "வாரா வாரம் வியாழக்கிழமை என்றாய். இன்றைக்கு வியாழன். இன்றைக்கு யார் எடுக்கிறார்கள்?"

"என் தோழி எடுக்கிறார்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

இடம் கிடைக்கவில்லை. அதை விடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பினாங்கு திரும்பிவிட்டேன். அப்போதாவது சி பிளாக்குக்குப் போயிருக்கலாம். போனால் ஒரு நாள் ஏன் தாமதம் என்று உங்களிடம் சொல்லவேண்டும். கட்டிலில் உட்கார்ந்து, முந்தின ஆறு வாரத்தின் சராசரியைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பதின்மூன்று எண்களை எழுதினேன். தண்ணீர் மாற்றாவிட்டால் டப்பாவுக்குள் என்ன நடக்கும் என்று பரீட்சையில் கேட்டால் படத்தோடு எழுதுவேன். அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

அவருக்கு இது என்னால்தான் வந்ததா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

நவோமி

*

ஜெலுத்தோங்,
11 ஏப்ரல் 2025

நவோமி,

பீவி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். பிளேட்லெட் ஏறிவிட்டது. மூட்டு வலி இன்னும் போகவில்லை, மாடி இறங்க முடியவில்லை. ஆனால் சமையலறையிலிருந்து ஃபராவை விரட்டும் சத்தம் படிக்கட்டு வரை கேட்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சி பிளாக்கில் ஜனவரியிலிருந்தே இரண்டு பேருக்கு டெங்கி வந்திருக்கிறது, நம் டப்பாவில் ஒரு கொசுகூடப் பிறப்பதற்கு முன்னால். லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவரைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. நம்முடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகவோ நாசமாகவோ போய்விட நமக்கு வழி இல்லை.

உன் மூன்று சொல்லுக்கு வருகிறேன். ஒரு சிக்னல் அல்ல, இரண்டு சிக்னலில் நின்றேன். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ அழுதிருப்பாய். நீ அழுதால் நான் மறைத்திருப்பேன். பேக்டரியில் ஒருமுறை அப்படி ஒரு தோழிக்காக வாயை மூடியிருந்தேன். அவளுடைய வேலை தப்பியது. அந்த வரிசையில் இருந்த வேறொருத்தியின் வேலை போனது. அதற்குப் பிறகு என்னை நானே முழுதாக நம்புவதில்லை. அதனால்தான் நேராக டாக்டர் ரோஹானாவிடம் போனேன். சரியான இடத்துக்குத்தான் போனேன். ஆனால் வெளியே வந்ததும் உன் வீட்டுக்கு வந்து, "நான் சொல்லிட்டேன், நவோமி" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. அது என் தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

கோலாலம்பூர் போனதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கும் சி பிளாக்கை நானே ஏறியிருப்பேன். முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறியிருப்பேன், ஆனால் ஏறியிருப்பேன். நீ அந்த அம்மாளிடம் சொன்ன பதில் உண்மையாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தின் பெயரை நான் ஏன் உரக்கச் சொல்கிறேன் என்று கேட்டாய் அல்லவா, கேட்காமலே கேட்டாய். முப்பத்திரண்டு வயதில், பள்ளியிறுதி எஸ்டிபிஎம் தேர்வின் பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு நான்கு இடத்தில் ஏறி இறங்கினேன். மூன்று இடத்தில் வயதைப் பார்த்தார்கள். இங்கேதான் கவுண்டரில் இருந்த பெண், "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஆறு பேர் வகுப்பில் ஒருத்தி வரவில்லை என்றால் விரிவுரையாளர் போன் போட்டுக் கேட்கிறார். எனக்கு அது சின்ன இடம் இல்லை.

இப்போது முக்கியமான செய்தி. இம்மாதம் 26ஆம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் குடியிருப்பாளர் கூட்டம். சங்கத் தலைவர் அப்துல் அஜீஸ் அண்ணன் கூட்டியிருக்கிறார். டப்பா எல்லாவற்றையும் தூக்கி எறியவேண்டும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எறிந்தால் என் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது, பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். டாக்டர் ரோஹானா வருகிறார். நான் எழுந்து நின்று நடந்தது முழுவதையும் சொல்லப்போகிறேன்.

உன் பெயரைச் சொல்லட்டுமா, வேண்டாமா?

லோகேஸ்வரி

*

தெலுக் இந்தான்,
16 ஏப்ரல் 2025

அக்கா,

சொல்லாதீர்கள். நானே வந்து சொல்கிறேன்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கு வீட்டுக்கு வருவேன். பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். விசாரணை நடந்தது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. உங்கள்மேல்தான் கோபமாக இருக்கிறார். அதை நான்தான் திருத்தவேண்டும்.

ஒரே ஒரு உதவி. மண்டபத்தில் நான் தடுமாறினாலும், யாராவது கத்தினாலும், எனக்காகப் பேச நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.

நவோமி

*

தெலுக் இந்தான்,
29 ஏப்ரல் 2025

அக்கா,

எழுந்திருக்காமல் இருந்ததற்கு நன்றி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

நடந்ததை நான் சொல்லும்போதே அப்துல் அஜீஸ் அண்ணன் நடுவில் கத்தினார். "நாங்க என்னா, ஒங்களுக்கு பரிசோதனை எலியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை போய்விட்டது. ஆனால் கடைசியில் டப்பா இருக்கட்டும் என்று அவரே ஒத்துக்கொண்டாரே, ஒவ்வொரு டப்பாவின் மேலும் தேதி எழுதவேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு, அது எனக்குப் புரிந்தது. இனி நம் வாக்கு மட்டும் போதாது என்கிறார். நியாயம்தான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன் அல்லவா? பேருந்து மாலை நாலு மணிக்குத்தான். நான் சி பிளாக் ஏறினேன்.

ஃபரா கதவைத் திறந்தாள். கூட்டத்துக்கு வரவில்லை, ஆனால் செய்தி எனக்கு முன்னால் மாடி ஏறிவிட்டது.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நான்தான்."

"என்னாத்துக்கு வந்தீங்க? மன்னிப்பு கேக்கவா? நாலு நாளு ஐசியூ வாசல்ல நான் ஒக்காந்திருந்தேன். அப்ப எங்க இருந்தீங்க?"

"தெலுக் இந்தான்ல. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேனான்னு சொல்ல முடியல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் உண்மை. கதவைச் சாத்தப்போனாள். உள்ளேயிருந்து, "யாரு ஃபரா? உள்ள வரச்சொல்லு, வாசல்ல நிக்க வச்சு சண்ட போடாத" என்று குரல் வந்தது.

பீவி அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோலாலம்பூர், வெள்ளிக்கிழமை, கட்டில், எண்கள். அவர் இலை துடைப்பதை நிறுத்தவே இல்லை. முடித்ததும் கேட்டார்:

"டாக்டர் ஆவறதுக்குப் போனியா?"

"ஆமாக்கா."

"ஆயிட்டியா?"

"இல்ல."

"ம். அப்ப ரெண்டும் போச்சு."

அடுத்த இலையை எடுத்தார். நான் போய்விடலாமா என்று நினைத்தபோது சொன்னார்: "நீயா வந்து சொன்ன பாரு, அது நல்லதுதான்லா. ஆனா எனக்கு இன்னும் முழங்காலு வலிக்குது. ரெண்டயும் சேத்து எடுத்துட்டுப் போ."

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது, அக்கா. சொல்லியிருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்திருப்பேன். கிளம்பும்போது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். டப்பா இல்லை. அதை அவர் எடுத்துவிட்டார், திரும்ப வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. உங்கள் அட்டவணையில் சி பிளாக்குக்கு இனி பன்னிரண்டுதான்.

அப்பாவிடம் ஈஸ்டர் ஞாயிறன்றே சொல்லிவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் உங்களைச் சாப்பிட வரச்சொல்கிறார்.

நவோமி

*

ஜெலுத்தோங்,
25 ஜூலை 2025

நவோமி,

நேற்று எனக்கு வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஏ மைனஸ். மைனஸ் எதற்கு என்று எனக்குத் தெரியும், புள்ளியியல் பகுதிக்கு. நூலகத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

வெளித் தேர்வாளர் அட்டவணையைத் திறந்ததும் பிப்ரவரி 13க்கு நேராக விரலை வைத்தார். பதின்மூன்று வெற்றுக் கட்டங்கள். கீழே அடிக்குறிப்பில், அன்று ஏன் எடுக்கவில்லை என்று நாம் இருவரும் சேர்ந்து எழுதிய நான்கு வரிகள். "இதை எழுதாமல் அந்த வாரத்தையே நீக்கியிருக்கலாமே, யாருக்கும் தெரிந்திருக்காதே?" என்றார். "பிளாட்ல நூத்துக்கும் மேல குடும்பம் இருக்கு சார், எல்லாருக்கும் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ரோஹானா இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று. உன் ஆறு வாரத்து எண்களையும் என்னுடையதையும் வரைபடத்தில் போட்டபோது, சி பிளாக்கில் லிஃப்ட்டுக்கு அருகிலுள்ள டப்பாக்களில் எல்லா வாரமும் முட்டை மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அதை அச்சடித்து அப்துல் அஜீஸ் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கே போய்விட்டார். ஆள் வந்து லிஃப்ட் குழியைத் திறந்து பார்த்தார்கள். முழங்காலளவு தண்ணீர். இறைத்து மருந்து போட்டார்கள். இந்த மாதம் சி பிளாக்கில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஒரு மாதம்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனாலும் உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அந்த வரைபடத்தில் பாதிப் புள்ளிகள் நீ ஏறி எடுத்தவை.

எனக்கு ஈப்போவில் ஒரு பூச்சியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் சேரவேண்டும். பேக்டரியைவிடச் சம்பளம் குறைவு. அம்மா கவலைப்படுகிறார். நான் படவில்லை. அங்கே ஒரு நாளைக்கு ஆயிரம் கொசுவைப் பார்க்கவேண்டுமாம். பார்ப்பேன்.

நீ செப்டம்பரில் வருகிறாயா? டாக்டர் ரோஹானா உன் பெயரை வருகைப் பட்டியலில் போட்டே வைத்திருக்கிறார். நான் கேட்காமலே காட்டினார்.

லோகேஸ்வரி

*

டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன்,
22 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஈப்போ எப்படி? ஆயிரம் கொசு ஆயிற்றா?

சேர்ந்துவிட்டேன். பதிவு நாளன்று அப்பா தானே காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "கேட்ட பூட்டு" அவ்வளவுதான். மூன்று வருடத்தில் முதல்முறையாக லிஃப்ட்டில் ஏறி மேலே வந்தார். சோதனைக்கூடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கவுண்டரில் புதிதாக வந்த பெண், எந்தப் பாடம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பயாலஜி. கடைசி வருஷம்" என்றார் அப்பா, வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கும் குரலில். கீழே வந்து காடியில் உட்கார்ந்ததும், "அந்த லோகேஸ்வரி எந்த ஊருல வேல செய்யுது?" என்று கேட்டார். சொன்னேன். தீபாவளிக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கும் வரவேண்டுமாம். உங்களிடம் சொல்லவேண்டியது ஏதோ இருக்கிறதாம். நீங்களே வந்து கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்லமாட்டார்.

வகுப்பில் இப்போது நான்கு பேர். எனக்கு ஜோடி ஐனா என்று ஒரு பெண். நல்ல கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி, என்னைப்போல. முதல் நாளே அவளிடம் சி பிளாக் கதையை முழுவதும் சொல்லிவிட்டேன். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு, "அப்ப ஒனக்கு வரமுடியலன்னா எனக்குச் சொல்லிருவதானே?" என்றாள். "ஒனக்கு வரமுடியலன்னாலும்" என்றேன்.

ஆராய்ச்சி அதே பிளாட்டில்தான். அப்துல் அஜீஸ் அண்ணனிடம் போய் அனுமதி கேட்டேன். வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டுக் கொடுத்தார். 11ஆம் தேதி டப்பாக்களை வைத்தோம். போன வியாழன், 18ஆம் தேதி, முதல் எடுப்பு. மழை. சி பிளாக் ஏழாம் மாடியில் இரும்புக் கேட்டுக்கு உள்ளே இரண்டு டப்பா. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். கேட்டுக் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. பக்கத்து வீட்டில் எண் வாங்கிப் போன் போட்டேன். சனிக்கிழமைதான் வருவோம் என்றார்கள். சனிக்கிழமை காலை அவர்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன். தண்ணீரைக் கொட்டி, டப்பாவைத் தேய்த்துக் கழுவி, புதுப் பலகை வைத்து, கையெழுத்து வாங்கினேன். தோல் ஒன்றும் மிதக்கவில்லை. இரண்டு முறை பார்த்தேன்.

பழைய பலகைகளில் முட்டை நிறைய இருந்தது. ஐனா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "எழுதிக்கலாமே, நாப்பத்தஞ்சு கிட்ட இருக்கு" என்றாள். ஒன்பது நாள் முட்டையை ஏழு நாள் கட்டத்தில் எழுத முடியாது என்றேன். அவளும் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

இன்று காலை அட்டவணையை டாக்டர் ரோஹானாவிடம் கொடுத்தேன். அந்த இரண்டு கட்டங்களிலும் "எடுக்கவில்லை" என்று எழுதி, பக்கத்தில் நவோமி வேதநாயகம் என்று முழுப் பெயரும் போட்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

உங்கள்
நவோமி